மலைக்கோயிலில் இரவல் எடுத்த நெருப்பு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதும் மருந்துப் போத்தலில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பதும்தான் என் படிப்பு. ஞாபகமும் முன்னைப் போல இல்லை, ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறெங்கோ போய்விடுவேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாயும் திறக்காது, அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படியான கதைகளை நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஊரில் கிணற்றடியில் யாரோ நின்றார்கள், புளியமரத்தில் ஏதோ ஆடியது என்று பெண்டுகள் சொன்னால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவள் நான். இங்கே இல்ஃபோர்டிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் மகனுக்குக் காய்ச்சல் என்றால் டொக்டரிடம் போக முதல் கண்ணூறு கழிக்கச் செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடும், புகைக்கு அலாரம் கத்தும், நான் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு இருப்பேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன்தான், ஆனால் கும்பிடுவது வேறு, இதெல்லாம் வேறு என்று நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நினையுங்கள், எனக்குக் கோபம் இல்லை.

எனக்கு ஒரே மகள். சுமதி என்று எழுதுகிறேன். நாற்பது தாண்டிவிட்டாள், லண்டனில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. மருமகன் பெயர் ரவி. அவர்களோடுதான் இருக்கிறேன், பின்பக்கத்துச் சின்ன அறை எனக்கு. என் கணவர் இரண்டு சிறுநீரகமும் கெட்டு, ஆஸ்பத்திரிக் கதிரையில் இரத்தம் கழுவக் கழுவ இருந்து மெலிந்து போனவர். அது சுமதி பார்த்த சாவு, நானும் பார்த்த சாவு.

போன வருஷம் சுமதி ஒருநாள் வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் வந்து இருந்தாள். கழுத்தில் ஒரு சின்னக் கட்டி இருக்கிறதாம், ஒப்பரேஷன் செய்து எடுக்க வேண்டுமாம், பயப்பட ஒன்றும் இல்லையாம். நான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை.

"உள்ளுக்குள்ள இருக்கம்மா, கைக்குத் தெரியாது" என்றாள். பிறகு, "ஒப்பரேஷனுக்கு முதல் ஒருக்கா ஜப்பானுக்குப் போவம், வாறியளோ?" என்று கேட்டாள்.

சின்னக் கட்டிக்கு ஏன் ஜப்பான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளுக்குக் கனகாலமாக ஆசை என்று தெரியும், அதோடு நான் ஒன்றும் கேட்கிற ஆளும் இல்லை. ரவிக்கு லீவு கிடைக்கவில்லை. தாயும் மகளுமாக வெளிக்கிட்டோம்.

ஷிகோகு என்று ஒரு தீவு. அங்கே சுற்றிவர நிறையப் புத்த கோயில்கள், ஜப்பான் ஆட்கள் வெள்ளை உடுப்புப் போட்டு, கூம்புத் தொப்பி வைத்து, மணி கட்டிய தடி ஊன்றி ஒவ்வொன்றாக நடந்து போவார்கள். பழைய காலத்து யாத்திரை வழி. எங்கள் கதிர்காமப் பாதயாத்திரை மாதிரி என்று சுமதி சொன்னாள். எல்லாம் நடக்க எங்களால் ஏலாது, மலை உச்சியில் இருக்கிற ஒரு கோயிலுக்காவது போக வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

எனக்கு அது பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். புத்தர் என்றால் எங்களுக்கு வேறு ஞாபகம்தான் வரும். எங்கள் ஊர்ச் சந்தி அரசமரத்துக்குக் கீழே ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு புத்தர் இருந்தார், பக்கத்தில் துவக்கோடு ஆமிக்காரன் நின்றான்.

"அம்மா, அந்தப் புத்தர் வேற, இந்தப் புத்தர் வேற" என்றாள் சுமதி.

"ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதானே பிள்ளை?"

"மூஞ்சி என்னம்மா செய்யும், அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்."

கிங்ஸ்பரியில் இருக்கிற என் அண்ணையும் வெளிக்கிடுகிற அன்று போன் எடுத்துச் சிரித்தார். "என்ன தங்கச்சி, லண்டனில இருக்கிற எங்கட பிள்ளையார் எல்லாரும் லீவில போட்டினமோ? புத்தரிட்டை ஓடுறாய்?" என்றார். நானும் சிரித்துவிட்டு வைத்தேன்.

கம்பியில் தொங்குகிற பெட்டி ஒன்றில்தான் மேலே போனோம். கீழே வெயில், பாதி வழியில் முகில் வந்து மூடிவிட்டது. இறங்கினால் பென்னாம் பெரிய மரங்கள், கல்லெல்லாம் பாசி, நல்ல குளிர். நான் சேலைக்கு மேலே ரவியின் பழைய ஜக்கெட்டைப் போட்டிருந்தேன், எல்லோரும் ஒருக்கா திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுமதி யாத்திரைப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருந்தாள், கோயிலுக்குக் கோயில் அதில் சிவப்பு முத்திரை குத்தித் தூரிகையால் எழுதிக் கொடுப்பார்கள். அதை எழுதுகிற ஜன்னலடியில் வரிசை நின்றது. "நீங்கள் மெழுகுதிரி கொளுத்துங்கோ, நான் இதை எழுதுவிச்சுக்கொண்டு வாறன்" என்று ஒரு மெல்லிய வெள்ளை மெழுகுதிரியை என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

இனித்தான் நான் செய்த வேலை. கவனமாக எழுதப் பார்க்கிறேன்.

கோயிலுக்கு முன்னால் கண்ணாடி அடைத்த ஒரு இரும்புப் பெட்டி, காற்றுப் படாமல் மெழுகுதிரிகள் குத்தி வைப்பதற்கு. என்னிடம் நெருப்புப் பெட்டி இல்லை. யாரிடமும் கேட்க வெட்கம், கேட்கப் பாஷையும் இல்லை. மேல் தட்டில் ஒரு மெழுகுதிரி தனியாக எரிந்து முடிகிற கட்டத்தில் இருந்தது, சுடர் தத்தளித்துக்கொண்டிருந்தது. நாங்கள் என்ன செய்வோம்? எங்கள் கோயிலில் யாருடைய விளக்கு எரிகிறதோ அதில் எங்கள் திரியைப் பிடித்துக் கொளுத்துவோம், அதுதானே வழக்கம், அதற்கு யாரும் கேட்பதில்லை. அணையப் போகிற சுடர் வீணாய்ப் போகாமல் என் திரியில் தொடரட்டும் என்று எனக்கு ஒரு இரக்கமும் வந்தது. அதில் பிடித்துக் கொளுத்தினேன். என்னுடையது பற்றின உடனே அது அணைந்துவிட்டது.

அர்ச்சனைக்கு ஐயர் இல்லை, அதனால் நானே மெல்லிய சத்தத்தில் மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். "பிள்ளைக்கு வந்ததை எடுத்துவிடு" என்று கேட்டேன். புத்தரிடம் கேட்டேனா, பிள்ளையாரிடம் கேட்டேனா என்று தெரியாது, அந்த இடத்தில் நின்று கேட்டேன். கழுத்து என்று சொல்லவில்லை. என்ன வருத்தம் என்றே சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஒரு அம்மா நிற்கிறா. என்னை விட வயது, வெள்ளை யாத்திரை உடுப்பு, தொப்பி முதுகில் தொங்குகிறது. நல்ல நிமிர்ந்த உடம்பு. கையில் கொளுத்தாத மெழுகுதிரி. அவ என் மெழுகுதிரியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா, பிறகு மெதுவாக ஏதோ கேட்டா. கேள்வி என்று எனக்கு விளங்கியது, என்ன கேள்வி என்று விளங்கவில்லை. வெட்கத்தில் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். யார் என்ன கேட்டாலும் நான் அப்படித்தான், தலையை ஆட்டிவிடுவேன்.

அவ திரும்பவும் ஒருக்கா கேட்டா. நான் திரும்பவும் ஆட்டினேன்.

அவ தன்னுடைய மெழுகுதிரியை என்னுடையதில் பிடித்துக் கொளுத்தினா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பார், இங்கேயும் எங்களைப் போலத்தான் என்று. அது பற்றியதும் அவ இடது கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகில், விலா எலும்பு முடிகிற இடத்தில் அழுத்திப் பிடித்தா. முகம் ஒருக்கா சுருங்கியது. பாவம், என்னைப் போல இவவுக்கும் நாரி உளைவு, இடுப்பு நோ என்று நினைத்தேன். பிறகு இடுப்பு வளைய எனக்குக் குனிந்து வணங்கிவிட்டுப் போனா. அவ்வளவுதான் நடந்தது, பட்டப்பகலில்.

கீழே வந்து தங்குகிற வீட்டில் பின்னேரம் சாப்பாடு. நிலத்தில் இருந்து சாப்பிட வேண்டும், பத்து வகை சின்னக் கோப்பை, ஒன்றிலும் உறைப்பில்லை. சுமதி கைப்பையில் கொண்டுவந்த மிளகாய்த் தூளைத் தூவித் தந்தாள். சும்மா கதையோடு கதையாகச் சொன்னேன்.

"மேல ஒரு மனிசி என்ர மெழுகுதிரியில கொளுத்தினவ பிள்ளை. என்னை விடக் கிழவி. கொளுத்தின உடனே நாரியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ, பாவம்."

"நாரியோ?"

"நாரிக்கு மேல. இந்தா, உதில" என்று என் கையை அவள் முதுகில் இடது பக்கம் வைத்தேன்.

சுமதியின் கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சிகள் விழுந்தன. அவள் முகம் வெளிறிப் போனதை நான் பார்த்தேன்.

"ரவி சொன்னவரோ உங்களுக்கு?"

"ரவி என்னத்தைச் சொல்ல?"

"பொய் சொல்லாதேங்கோ அம்மா! ஆர் சொன்னது? எந்த இடம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எடி, என்ன இடம்? உனக்குக் கழுத்தில எல்லே?"

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். கழுத்து என்பது பொய். இடது சிறுநீரகத்தில் கட்டி. சிறுநீரகத்தோடு எடுக்க வேண்டும், எடுத்தாலும் பரவியிருக்கிறதோ என்று பிறகுதான் தெரியும் என்று டொக்டர்மார் சொல்லியிருக்கிறார்கள். தகப்பன் பட்ட பாட்டைப் பார்த்த எனக்கு அந்தப் பெயரைச் சொல்லப் பயந்து, கழுத்து என்று சொல்லியிருக்கிறாள். ஜப்பான் ஏன் என்றும் அப்போதுதான் விளங்கியது. ஒப்பரேஷனால் திரும்பி வர ஏலாமல் போனால் என்று நினைத்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வரவில்லை. என் மகள் பெற்ற தாய்க்கு ஒளித்த இடத்தில், யாரோ ஒரு மனிசி தன் முதுகில் கையை வைத்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறா.

சத்தம் கேட்டு அந்த வீட்டுக்காரர் தேத்தண்ணீரோடு வந்தார். ஆங்கிலம் தெரிந்த மனிதர். சுமதி அழுதழுது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். மெழுகுதிரிக் கதை வந்ததும் அவர் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சொன்னதைச் சுமதி எனக்குத் தமிழில் சொன்னாள். அந்த யாத்திரையில் ஒருவர் கொளுத்திய மெழுகுதிரியில் இன்னொருவர் கொளுத்தக் கூடாதாம். அப்படிக் கொளுத்தினால் மற்றவர் சுமக்கிறதை இவர் எடுத்துக்கொண்டதாகிவிடுமாம். "பழைய ஆட்கள் சொல்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

"அதைக் கேள் பிள்ளை, தெரியாமல் எடுத்தால் சரி, தெரிஞ்சு எடுக்கிற ஆக்களும் இருக்கினமோ?"

சுமதி கேட்டாள். தெரிந்தவர்கள் யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார்.

வெள்ளை உடுப்போடு வந்த மனிசிக்கு அது தெரியாமல் இருக்குமா? அதுதானே இரண்டு தரம் கேட்டது. நான் இரண்டு தரமும் தலையை ஆட்டினேன்.

அடுத்த நாள் காலமை முதல் பெட்டியிலேயே மேலே போனோம், நான்தான் அடம்பிடித்தேன். அவவைப் பார்த்து என்ன சொல்ல நினைத்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. திருப்பித் தாருங்கள் என்று எந்தத் தாய் கேட்பாள்? வைத்திருங்கள் என்றுதான் எப்படிக் கேட்பது? அங்கே முகில் மட்டும்தான் இருந்தது. முத்திரை குத்துகிற ஜன்னலில் இருந்த பிக்குவிடம் சுமதி விசாரித்தாள். அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் மெழுகுதிரிப் பெட்டி நேரே தெரியும். அவர் அவ ஒரு பேய் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது, நம்பினால் நம்புங்கள். அவருக்கு அவவை நன்றாக ஞாபகம் இருந்தது. கால்நடையாகவே மலை ஏறி வந்தவவாம், அந்த வயதில் இவ்வளவு விறுவிறு என்று ஏறி வந்தாவே என்று இவர் ஆச்சரியப்பட்டவராம். போகும்போது ஒரு கையால் தடியையும் மறுகையால் முதுகையும் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று இறங்கினாவாம். பெட்டியில் போங்கள் என்று இவர் ஓடிப்போய்ச் சொன்னாராம். வேண்டாம், இதை நடந்துதான் கொண்டுபோக வேண்டும் என்றாவாம்.

சுமதி இதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, நான் பக்கத்துக் கல்லில் குந்திவிட்டேன்.

லண்டனுக்கு வந்தோம். ஒப்பரேஷனுக்கு முதல் திரும்ப ஸ்கான் எடுத்தார்கள். நானும் கூடப் போனேன். டொக்டர் பிள்ளை, வயது குறைந்தவர், புதுப் படத்தைப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார், வெளியே போய் இன்னொரு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் பார்த்தார். பிறகு சுமதி என் கையைப் பிடித்த பிடியில் என் காப்பு நெளிந்துவிட்டது. கட்டி இல்லை. முதல் பார்த்தது கட்டியாக இல்லாமல் கிருமியால் வந்த வீக்கமாகவும் இருந்திருக்கலாம், அபூர்வமாக இப்படி நடக்கும் என்றார்கள். இன்னொரு முறையும் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை.

"மெஷின் பிழையாக் காட்டியிருக்கும் தங்கச்சி" என்றார் அண்ணை. "நீ புத்தருக்குப் போய் நேர்த்தி கீர்த்தி வைச்சிடாதை. இஞ்சை பிள்ளையார் கோவிச்சுக்கொள்ளுவார்."

சுமதியும் டொக்டர்மார் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படி நம்புவது நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். அவள் வேலைக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், ரவியோடு சண்டை பிடிக்கிறாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையிலேயே கண்ணயர்கிறது என் பழக்கம். ஒருநாள் ரவி வீட்டில் நின்றார். நான் எழும்பி வர, "மாமி, ஆரோட கதைச்சனீங்கள்? ஜப்பான் டிவி ஏதும் போட்டனீங்களோ?" என்று சிரித்தார். நான் ஒருவரோடும் கதைக்கவில்லை, டிவியும் போடவில்லை. முகத்தைக் கழுவப் போனால் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

அது திரும்பத் திரும்ப நடந்தது. ஒரு சனிக்கிழமை சுமதி கிட்ட வந்து நின்று கேட்டிருக்கிறாள். நான் நித்திரையில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேனாம், பிறகு அவசரமாக ஏதோ சொல்கிறேனாம், தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அவள் போனில் பதிந்துகொண்டுபோய் அலுவலகத்தில் தன்னோடு வேலை செய்கிற ஒரு ஜப்பான் பெண்ணிடம் போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, இது யார், இந்த அம்மாவின் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டாளாம்.

ஒரு தாய் தன் மகனைக் கூப்பிடுகிறாளாம். மேலே ஏறு, தண்ணீர் வருகிறது, திரும்பிப் பார்க்காதே, ஏறு, ஏறு என்று சொல்கிறாளாம்.

எங்கள் நாட்டில் சுனாமி வந்தபோது நான் இல்ஃபோர்டில் டிவிக்கு முன்னால் இருந்தேன். கடலில் நான் ஒருவரையும் இழக்கவில்லை. எனக்கு ஆண் பிள்ளையே இல்லை. அந்தப் பெயரை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை, அதைச் சொல்கிறபோது என் குரல் என்னுடையதுதான், போனில் கேட்டேன்.

என் மெழுகுதிரியை நான் எந்தச் சுடரில் பிடித்துக் கொளுத்தினேன் என்று சுமதிக்கு நான் சொல்லவே இல்லை. நான் மறக்கவில்லை. அதை யார் கொளுத்திவிட்டுப் போனார்கள், என்ன பாரத்தோடு என்று தெரியாமல் எடுத்தேன்.

ஐயரிடம் போய் நூல் கட்டுவோம் என்று அண்ணி சொல்கிறா. வேண்டாம் என்றுவிட்டேன். இதை நான் இறக்கி வைத்தால், அந்த அம்மா கொண்டுபோனதும் அங்கே இறங்கி, வந்த வழியே என் பிள்ளையிடம் திரும்பி வந்துவிட்டால்? நித்திரையில் அழுவது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. யாருடையதோ பிள்ளையை நானும் சேர்ந்து கூப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

படித்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் நான் எழுதியது சரியோ என்று பார்த்துச் சொல்லுங்கள். மலைக்குப் பெட்டியில் போகிற கோயில், மெழுகுதிரிப் பெட்டி வாசலுக்கு இடப்பக்கம் என்று ஞாபகம், வலப்பக்கமாகவும் இருக்கலாம். அந்த வழக்கம் உண்மையில் உண்டா என்று கேளுங்கள். வெள்ளை உடுப்பில் முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு வயதான அம்மாவைக் கண்டவர்கள் உண்டா, அவ சுகமாக இருக்கிறாவா என்றும் கேளுங்கள்.

ஆனால் யார் கேட்டாலும் இது எந்தப் பிள்ளைக்காக என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள், அது வழி தெரிந்து திரும்பி வந்துவிடும். அதற்காகத்தான் இங்கேயும் என் மகளுக்கு வேறு பெயர் எழுதியிருக்கிறேன்.